ஆறுதலாகக் கதைப்பம்

சிவமணிக்குக் குப்பைத்தொட்டிகளை வாசிக்கத் தெரியும். இருபத்து நாலு வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவள். மூன்றாம் மாடி மூலை மேசைக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டார், ஜன்னலோரத்து மதாம் புருஷனைப் பிரிந்துவிட்டாள், புதிதாக வந்த பெடியன் வேலையை விடப்போகிறான். இத்தனையையும் அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுவாள். சொன்னபடியே நடக்கவும் செய்யும். ஆனால் போன மாசி மாதம், பாரிஸ் மார்க்ஸ் டோர்மோயில் தன் வீட்டுத் தொட்டியில் கிடந்த ஒரு கிழிந்த உறையைத்தான் அவளால் வாசிக்க முடியவில்லை. அது ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் உறை. மேலே அவள் கணவன் தவரத்தினத்தின் பெயர் இருந்தது. உள்ளே இருந்த காகிதத்தைக் காணவில்லை.

மற்றப் பெண்கள் என்றால் புருஷனிடம் நேரே கேட்டிருப்பார்கள். சிவமணி கேட்பதற்குப் புருஷனைக் காண வேண்டுமே! தவரத்தினம் ஓப்பெரா பக்கம் ஓர் உணவகத்தில் சமையல்காரர். பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டை விட்டுப் போனால் இரவு ஒன்றரைக்குத்தான் வருவார். வந்ததும் அவளை எழுப்பக் கூடாதென்று வரவேற்பறைச் சோபாவிலேயே சுருண்டு விடுவார். அவள் நாலு மணிக்கு எழுந்து, அவரை எழுப்பக் கூடாதென்று சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போவாள். பத்து மணிக்குத் திரும்பி வந்து சமைத்து வைத்துவிட்டு, அவர் கண்விழிக்கிற நேரத்தில் பள்ளிக்கூடக் கன்டீன் வேலைக்கு ஓடுவாள். அவருக்குத் திங்களும் செவ்வாயும் லீவு, அப்போது இன்னொரு கடையில் இரவு வேலை; அவளுக்குச் சனியும் ஞாயிறும், அந்த இரண்டு நாளும் அவர் மத்தியானமே போய்விடுவார். இப்படி ஒருவர் நித்திரையை மற்றவர் குழப்பாமல் இருபத்தாறு வருடம் நல்ல ஒற்றுமையாக வாழ்ந்துவிட்டார்கள்.

குடும்பம் நடந்ததெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில்தான். "பருப்பு அடியிலை பிடிச்சிட்டுது, மேலாலை எடுங்கோ." "கரண்ட் காயிதம் வந்தது." "பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து ஆறு மணிக்கு." காந்தத்தில் ஒட்டி நிற்கும் துண்டுத் தாள்கள். மகள் மிருணாளினி நாலு வயதில் பள்ளிக்கூடத்தில் போய், தன் அப்பா ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். ஆசிரியை சிவமணியைத் தனியே கூப்பிட்டு மெதுவாக விசாரித்தார். அந்த வெட்கத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

அந்த மிருணாளினிக்கு இப்போது இருபத்து நாலு. கல் படிக்கிறாள். டொக்டராக வருவாள் என்று தாய் காத்திருக்க, மலைக்கும் பாறைக்கும் வயது சொல்கிற படிப்புக்குப் போய், ஒரு வருடத்துக்கு அரிசோனாவில் இருக்கிறாள். சித்திரையில் வரும்படி பெற்றோர் இருவருக்கும் அவளே டிக்கெட் அனுப்பினாள். அங்கே பாலைவன மலைப் பூங்கா ஒன்று இருக்கிறதாம், அதற்குள் சின்னதாக, அமைதியாக ஒரு கம்பிங் இருக்கிறதாம், இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கலாமாம். "வாடகை குடுக்கிற வீடு இருக்க, ஏனடி நிலத்திலை படுக்கிறது?" என்று சிவமணி தொலைபேசியில் சிரித்தாள்.

மறுநாள் காலை ஃபிரிட்ஜில் தவரத்தினத்தின் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. "கொன்ஜே கிடைச்சிட்டுது. உம்மோடை ஒரு விசயம் கதைக்கோணும். அங்கை போய் ஆறுதலாக் கதைப்பம்."

கொன்ஜே என்றால் லீவு; ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், சாவகாசமாக. பிறந்ததிலிருந்து அவளும் அப்படித்தான் பேசுகிறாள். ஆனால் அந்தக் கிழிந்த உறையோடு சேர்த்து வாசித்தபோது சொல்லின் மற்ற அர்த்தம் எழும்பி நின்றது. செத்த வீட்டில் போய்ச் சொல்லுவதும் ஆறுதல்தானே.  தாளைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

தாளின் கீழே "என்ன விசயம்?" என்று எழுதிவிட்டுப் போனாள். அடுத்த நாள் பதில் இருந்தது. "பயப்பிட ஒண்டுமில்லை." பயப்பட ஒன்றுமில்லை என்று ஓர் ஆள் எழுதித் தருகிறார் என்றால் என்னத்தை நினைப்பது!

நோய் வருத்தம் இல்லையென்றால் வேறொன்றும் இருக்கலாம். பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் இருக்கும் ஊர்க்காரர் குலசேகரம், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு சண்டை சச்சரவும் இல்லாமல், "இனி ஆளுக்காள் நிம்மதியா இருப்பம்" என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தவரத்தினத்துக்கும் வருகிற ஆவணியில் ஐம்பத்தெட்டு. மூன்று கிழமையாகச் சிவமணி இந்த இரண்டையும் மாறி மாறி நினைத்தாள். ஒரு நாள் மேசை துடைக்கும்போது, விட்டுவிட்டுப் போவதென்றால் போகட்டும், எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் என்று தன்னையறியாமல் நேர்ந்துகொண்டாள். இருபத்தாறு வருடம் துண்டுத் தாளில் குடும்பம் நடத்திய மனுசன்மேல் தனக்கு இத்தனை ஆசை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அழுதாள். பிறகு மிச்ச மேசைகளையும் துடைத்தாள்.

விமானத்தில் பத்து மணித்தியாலத்துக்கு மேலே பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தார்கள். அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

கம்பிங்கில் மொத்தம் பன்னிரண்டு இடம். அதில் ஐந்தில்தான் ஆட்கள். சுற்றிவர செம்மண் நிற மலை, கை விரித்த கள்ளி, தண்ணீர் இல்லாத ஆற்றுப்படுகை. ஓர் இடத்துக்கு ஒரு சீமெந்து மேசை, சமைக்க ஓர் இரும்புத் தட்டி. கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. வீட்டுக்குப் பக்கத்து லா ஷப்பலில் மேம்பாலத்து மெத்ரோ இரைச்சலுக்கும் கடைவாசல் கூச்சலுக்கும் பழகிய சிவமணிக்கு, காதில் பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. மிருணாளினி தனக்கொரு கூடாரமும் அவர்களுக்கொரு கூடாரமும் அடித்துக் கொடுத்தாள். தவரத்தினம் மகளுக்கு உதவுகிறேன் என்று போய்க் கயிற்றில் இரண்டு தரம் தடுக்கி விழப் பார்த்தார். சிவமணி கொண்டு வந்த பருத்தித்துறை வடையைக் கொறித்துக்கொண்டு மூவரும் வெயில் இறங்குவதைப் பார்த்தார்கள். பாரிஸுக்கும் அந்த இடத்துக்கும் ஒன்பது மணித்தியால வித்தியாசம். அது இருவரின் உடம்புக் கணக்கையும் ஒரேயடியாகக் குழப்பிவிட்டது. முழுதாக இருட்டுமுன் இருவருக்கும் கண் செருகிற்று. ஒரே நேரத்தில் படுத்தார்கள், ஒரே நேரத்தில் எழும்பினார்கள். கலியாணம் முடித்த முதல் கிழமைக்குப் பிறகு இப்படி நடந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

காலை ஆறு மணிக்கு மிருணாளினி தண்ணீர்ப் போத்தல்களை முதுகில் போட்டுக்கொண்டு மலையுச்சிக்குப் புறப்பட்டாள். மத்தியானம் வந்துவிடுவேன் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, "அம்மா, உங்கடை முழங்காலோடை அங்கை இங்கை ஏறாதேங்கோ" என்று தமிழில் எச்சரித்தாள். அவள் போனதும் தவரத்தினம் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தார். ஒரு கோப்பையை அவள் முன்னால் வைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

இங்கேயும் தாளா! சிவமணி அதை வாங்கினாள். விரித்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது.

"என்ரை கண்ணாடி பிள்ளையின்ரை காருக்கை, அவள் பூட்டிட்டுப் போட்டாள். இஞ்சருங்கோ, நீங்களே வாசியுங்கோ."

"நானோ?"

"வேறை ஆர் இருக்கினம் இஞ்சை?"

தவரத்தினம் தாளைத் திருப்பி வாங்கினார். வாசிக்கத் தொடங்கி, இரண்டாம் சொல்லிலேயே நிறுத்தி, தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேலைத்தல டொக்டர் இரத்தம் சோதிக்கச் சொன்னவர். சீனி கொஞ்சம் கூடவாம்."

"கொஞ்சமெண்டால்?"

"கொஞ்சம்தான். மருந்துகூட இல்லை. ஆனா இராவேலை இனி வேண்டாமெண்டார். பத்ரோனிட்டைச் சொன்னன். முதலாளி காலமை ஏழிலையிருந்து மூண்டு மட்டும் வரச் சொல்லுறார். நாலு மணிக்கு வீட்டிலை நிப்பன். ஒவ்வொரு நாளும்." அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. உம்மைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்."

"என்னை ஏன் கேக்கோணும்?"

"பின்னேரத்திலை அந்த வீடு உம்மடை வீடெல்லோ. நீர் உம்மடைபாட்டிலை சமைச்சு, நாடகம் பாத்து, நேரத்துக்குப் படுக்கிறனீர். நான் ஒவ்வொரு நாளும் வந்து குந்திக்கொண்டிருந்தால் உமக்கு இடைஞ்சலோ எண்டு..." அவர் குரல் தணிந்துவிட்டது. "ரெண்டு பேரும் இருந்து என்னத்தைக் கதைக்கப்போறம் எண்டும் யோசிச்சனான். எனக்குக் கதைக்கவும் தெரியாது."

சிவமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கிழமைப் பாரம் சட்டென்று இறங்கியதில் முதலில் வந்தது சந்தோசம் இல்லை, கோபம்.

"இதுக்கோ! இந்த ஒரு கதைக்கோ மூண்டு கிழமையா என்னைச் சாகடிச்சனீங்கள்?"

"நான் என்ன செய்தனான்?"

"ஆறுதலாக் கதைப்பமெண்டு எழுதுவினமே! குப்பைக்கை இரத்தச் சோதினை உறை, ஃபிரிட்ஜிலை ஆறுதல்! நான் என்னத்தை நினைக்கிறது? ஆளுக்கு ஏதோ கடும் வருத்தமெண்டு நினைச்சன். அது இல்லாட்டி, குலசேகரம் அண்ணை மாதிரி என்னை விட்டிட்டுப் போகப்போறாரெண்டு நினைச்சன்."

தவரத்தினம் வாயைப் பிளந்தார். "உம்மை விட்டிட்டோ? நான் எங்கை போறது? என்ரை குளிர்ச்சட்டை எந்த அலுமாரிக்கை இருக்கெண்டு நீர் எழுதி வைச்சால்தான் எனக்குத் தெரியும்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சேலைத் தலைப்பு இல்லாததால் குளிர் அங்கியின் கையால் மூக்கைத் துடைத்தாள்.  அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி ஏசத் தொடங்கினாள். சீனி எத்தனை என்று கேட்டாள், அவர் சொன்னார். அந்த எண்ணுக்கு மருந்து வேண்டாம், வாயைக் கட்டினால் போதும் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். உணவகத்தில் இரவு மிஞ்சுகிற இனிப்புகளைத் தின்றுவிட்டுத்தான் வருகிறீர்களா என்று கேட்டாள். சில நாளில் என்று அவர் ஒப்புக்கொண்டார். எந்த இனிப்பு என்று கேட்டாள். அவர் விளக்கம் சொல்ல, அது சமைக்கிற விதம் பிழை என்று அவள் சொல்ல, அவருக்குத் தொழில் ரோசம் வந்துவிட, இரண்டு பேரும் மலை எதிரொலிக்கக் கதைத்தார்கள்.

அப்போது வைக்கோல் தொப்பி போட்ட ஒரு முதிய அமெரிக்கப் பெண் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கம்பிங்கைப் பார்த்துக்கொள்கிறவள். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. கோபமில்லாமல் சிரித்து, உதட்டில் விரலை வைத்து, கைக்கடிகாரத்தில் எட்டைத் தொட்டுக் காட்டினாள். எட்டு மணி வரை இங்கே சத்தம் போடக் கூடாதாம். நேரம் ஆறே முக்கால்தான். அயல் கூடாரத்திலிருந்து ஒரு கலைந்த தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

கதைக்க ஒன்றும் இருக்காதென்று பயந்த இரண்டு பேரும் குற்றவாளிகள் மாதிரித் தலையாட்டினார்கள். அந்தப் பெண் போனதும் தவரத்தினம் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து குசுகுசுத்தார்.

"அப்ப, பத்ரோனுக்கு என்னெண்டு சொல்லட்டும்?"

"கேக்கேல்லை."

அவர் இன்னொரு தரம் சொன்னார். முதல் தரமே அவளுக்குக் கேட்டதுதான். என்றாலும் சிவமணி தன் மடிப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அவர் தோளோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஓமெண்டு சொல்லுங்கோ," என்று அவர் காதுக்குள் சொன்னாள். "இப்ப எட்டு மணி மட்டும் இப்பிடியே மெல்லக் கதையுங்கோ. எனக்கு இன்னும் நிறையக் கேக்கக் கிடக்கு."