தலைவருக்குப் பற்றவைத்தது

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரே ஒரு கதாநாயகன்தான் தலைவர். தொண்ணூறுகளில் அவர் படம் வெளியாகும்போதெல்லாம் தியேட்டர் வாசலில் கட்அவுட் வைப்பார்கள். கையில் சிகரெட் இல்லாமல் அவரை வரையவே மாட்டார்கள். ஒருமுறை, அந்தச் சிகரெட்டிலிருந்து நிஜமாகவே புகை வர வேண்டும் என்று இந்த மேதாவிகளுக்குத் தோன்றிவிட்டது.

முதலில் ஊதுபத்தி செருகினார்கள். சாமி அலமாரியிலிருந்து அம்மாதான் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். அந்தப் புகை ரோட்டுக்குத் தெரியவில்லை. சரி, நிஜ சிகரெட்டே வைக்கலாம் என்றார்கள். மேலே அடிக்கிற காற்றில் தீக்குச்சி நிற்காது. கீழேயே பற்றவைத்து, வாயில் வைத்துக்கொண்டு மூங்கில் சாரத்தில் ஏற வேண்டும். இரண்டு கையும் மூங்கிலுக்கு வேண்டுமே. அணையாமல் இருக்க வழியெல்லாம் இழுக்கவும் வேண்டும். ஒல்லியாக இருந்தான் என்று என் தம்பியைப் பிடித்து ஏற்றினார்கள். அப்போது அவன் பத்தாவது முடித்துப் பியூசி படித்துக்கொண்டிருந்தான்.

சட்டை நாறுகிறதே என்று அம்மா கேட்டாள்.

"தலைவருக்குப் பத்த வெச்சேம்மா. நான் எங்க புடிச்சேன்?"

அம்மா நம்பினாள். கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்த பிள்ளையைப் போல உட்காரவைத்துச் சோறு போட்டாள். கட்அவுட்டைப் பிரித்த பிறகும் சட்டை நாற்றம் போகவில்லை. நான் கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். கார்மெண்ட்ஸில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்து இவனோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

சில வருடங்களில் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இப்போதே நிறுத்தாவிட்டால் நுரையீரல் தாங்காது என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் தலைவரின் புதுப் படம் வந்தது. அதில் அவர் சிகரெட்டைத் தொடவே இல்லை என்று தெருவே பேசிக்கொண்டது. டாக்டர் பேச்சைக் கேட்காதவன் தலைவரைப் பார்த்தாவது விடுவான் என்று, அவர் படமென்றாலே ஆகாத நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இடைவேளை வரை சிகரெட் வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பினால் பக்கத்து சீட்டில் தம்பி இல்லை. வெளியே, கைகூப்பி நின்ற கட்அவுட்டின் காலடியில் புகைத்துக்கொண்டிருந்தான்.

"தலைவரே விட்டுட்டாரு, உனக்கென்னடா வந்துது?"

"அவருக்கென்னக்கா, நடிச்சாரு, விட்டுட்டாரு. நான் நெஜமால்ல புடிச்சேன்."

மணி அடித்தது. பால்கனிக்கு ஏறும்போது பாதிப் படியிலேயே நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். வாயில் சிகரெட்டோடு அவ்வளவு உயரம் மூங்கிலில் ஏறிய பிள்ளை.