நான் அழுத்திய "இல்லை"

புத்தளத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஏழு வருடங்களாக வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, ஸ்கேன், எல்லாவற்றையும் விட அதிகமாகப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்பிக் கொடுப்பது. அதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு இருந்தது.

கண்டக்குழியிலிருந்து ஒரு பிள்ளை வருவாள். வாப்பாவுக்குக் கடல் தொழில். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு படிக்கும்போதே சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, இங்குள்ள தனியார் நிறுவனமொன்றில் பட்டப்படிப்பின் முதல் வருடப் பாடங்கள் இரண்டைப் படித்தாள். சித்தியடைந்தால், பிறகு சேரும் கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்றுக்கொள்ளும்; அதே பாடத்தைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை. கணினிப் பாடத்தில் அவளுக்கு ஏ. புள்ளிவிபரவியலில் ஃபெயில். படகு இயந்திரத்தில் கை சிக்கிய வாப்பாவோடு பரீட்சைக்கு முந்திய வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தவள் வேறென்ன எடுப்பாள்?

மலேசியாவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க வந்தபோது இரண்டு பெறுபேற்றுத் தாளையும் கையில் வைத்திருந்தாள்.

"ராத்தா, ரெண்டையும் போடணும் தானே?"

"விசரா புள்ள உனக்கு? ஃபெயிலானத நாமளே போய்ச் சொல்லுறதா?"

"எல்லாம் போடச் சொல்லி எழுதியிருக்கே."

"இங்க நடந்தது அங்க இருக்கிறவனுக்கு எப்புடித் தெரியும்? நல்லத மட்டும் போடுவம்."

புள்ளிவிபரவியல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "நீங்க சொன்னாச் சரி" என்றாள். வேறு பாடங்கள் ஏதும் படித்தீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அழுத்தியது நான். எதையும் மறைக்கவில்லை என்ற உறுதிமொழிக்குச் சரி போட்டதும் நான்தான். அதை அவளுக்கு வாசித்துக்கூடக் காட்டவில்லை.

இடம் கிடைத்தது. அவளுடைய உம்மா ஒரு தட்டில் தொதல் இனிப்பு கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

கிரெடிட்டை ஏற்பதற்காகக் கல்லூரி, அவள் படித்த நிறுவனத்திடமே நேரடியாகப் பெறுபேற்றுத் தாள் கேட்டது. அப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரே தாளில் இரண்டு பாடங்களும் இருந்தன. பத்து நாட்களுக்குள் விளக்கம் தரும்படி அவளுக்கு மின்னஞ்சல் வந்தது.

கடைக்கு வந்து நின்றாள். அழவில்லை.

"ராத்தா, ஃபோர்ம் நிரப்பினது நீங்க, நீங்க சொல்லித்தான் மத்ததப் போடாம விட்டது எண்டு ஒரு கடிதம் தருவீங்களா?"

எனக்கு முதலில் முதலாளியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இது வெளியே தெரிந்தால் எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை இங்கே அனுப்புவார்கள்?

"கடைப் பேர்ல அப்புடிக் குடுக்க ஏலாது புள்ள."

"ஓம்" என்றாள். இரண்டாம் முறை கேட்கவில்லை. அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து விளக்கக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, நானே தட்டச்சு செய்தேன். தவறு முழுவதும் தன்னுடையது என்றாள். அந்த வசனத்தில் ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டியிருந்தேன். அதைத் திருத்திக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

அனுமதியை ரத்துச் செய்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்தப் பாடத்தில் சித்தியடையாதது அனுமதிக்குத் தடையாக இருந்திராது, மறைத்ததுதான் காரணம் என்று கடைசியில் எழுதியிருந்தது. அந்த வரியை மொழிபெயர்க்காமல் விடப் பார்த்தேன். அவள் தானே வாசித்து முடித்திருந்தாள்.

அடுத்த வருடம் கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பெறுபேற்றையும் போட்டிருக்கிறாள், சேர்த்துக்கொண்டார்கள். விண்ணப்பத்தை நிரப்பியது எங்கள் கடைக்கு எதிர்க் கடையில்.

போன மாதம் கற்பிட்டி பஸ்ஸில் அவளைக் கண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸலாம் சொன்னாள். "சுகமா ராத்தா?" என்று கேட்டாள். பக்கத்தில் இடம் இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் இறங்கவேண்டிய பாலாவி வந்தது. இறங்கிவிட்டேன்.