பானை ஓட்டில் அலுமினா

எங்கள் பீங்கான் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாலிஷ்’ என்றால் போதும், கடைசி அறையிலிருந்து ஓடி வருவார். மாதிரிகளை வெட்டி, தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி மைக்ரோஸ்கோப்புக்குக் கொடுப்பது அவர் வேலை. மேசையின் ஒரு பக்கம் செயற்கை இடுப்பு மூட்டுக்கான புதுப் பீங்கான் உருண்டைகள், மறுபக்கம் மண்ணைத் தோண்டி எடுத்த பழைய பானை ஓடுகள். இருபத்தோரு வருடம் இரண்டையும் தேய்த்தார். அத்தனை வருடமும் தற்காலிக ஊழியர்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேராசிரியர் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆறு மாதம் ஓடும்.

அந்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. வயது ஐம்பத்து நாலு. ஐம்பத்தைந்து தாண்டினால் எடுக்க மாட்டார்கள். “இதான்மா கடைசி பஸ்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி மட்டும் நம்பவில்லையாம். “முதல்ல அந்தக் கடுதாசியக் கண்ணுல காட்டுங்க, அப்புறம் பேசலாம்”னு சொல்லிட்டா என்றார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்த மாதிரி, எத்தனாம் நம்பர் தேய்ப்புத்தாள், என்ன பொடி, எத்தனை நிமிடம் என்று ஒன்று விடாமல் எழுதுவார். நாங்கள் அதற்கு ‘பாலிஷ் புராணம்’ என்று பெயர் வைத்துக் கேலி செய்வோம். யார் சொல்லிச் செய்தேன் என்று மட்டும் அதில் எழுதவே மாட்டார். அந்த மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு மத்தியானம் என் மாதிரிக்காக அவர் அறையில் காத்திருந்தேன். தேய்க்கிற சக்கரம் நின்றிருந்தது. பேராசிரியர் பானை ஓடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

“சார், இதுல துளை ஜாஸ்தி. அலுமினாப் பொடி போட்டா உள்ள போய் உக்காந்துக்கும். வைரப் பசையில தேய்க்கட்டுமா?” என்று கேட்டார் பாலிஷ்.

“உடைஞ்ச சட்டிக்கு வைரம் கேக்குதா உங்களுக்கு? அதெல்லாம் மூட்டு உருண்டைக்கு. பொடியே போதும்.”

அவர் தலையாட்டினார். பொடியைப் போட்டு நாற்பது நிமிடம் தேய்த்து, நோட்டில் எழுதினார்.

மைக்ரோஸ்கோப்பில் அந்த ஓட்டை வைத்துப் பார்த்தவள் நான். துளைகளுக்குள் வெள்ளை வெள்ளையாக மணிகள் மின்னின. சோதித்தால் சுத்தமான அலுமினா. பேராசிரியர் குதித்தே விட்டார். இன்று நாம் மூட்டு உருண்டை செய்கிற பொருளை அந்தக் காலத்துக் குயவர்களே களிமண்ணில் கலந்திருக்கிறார்கள் என்று கட்டுரை எழுதினார், பேட்டி கொடுத்தார். பாலிஷ் கையைத் துடைத்துக்கொண்டு பேராசிரியர் அறை வாசலில் போய் நின்றார்.

“சார், அது நம்ம பொடி சார்.”

“தேய்க்கிறவங்க தேய்ச்சாப் போதும். யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு ஆய்வகம் அதே பானையின் வேறொரு ஓட்டை வைரப் பசையில் தேய்த்துப் பார்த்தது. அலுமினா மருந்துக்குக்கூட இல்லை. மானம் கப்பலேறியது. மூன்று பேர் விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அலுமினாப் பொடி என்று அவர் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது. பொய் எழுதத் தெரியாத மனுஷனுக்கு அவர் நோட்டே எமனானது.

“சார்தான் பொடி போதும்னு சொன்னாரு” என்றார் அவர்.

பேராசிரியர் பரிதாபமாகப் புன்னகைத்தார். “பாவம், வயசாச்சு. கொஞ்ச நாளாவே மறதி. நானும் சொல்லாம மறைச்சுக்கிட்டு வந்தேன்.”

“இந்தப் பொண்ணு பக்கத்துலயே இருந்துச்சு. கேட்டுப் பாருங்க” என்று அவர் என்னைக் கை காட்டினார்.

என் முனைவர் பட்ட ஆய்வேடு மூன்று வாரமாகப் பேராசிரியர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “மெஷின் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்கல சார்” என்றேன். சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் அருவருப்பு.

“சக்கரம் ஓடலையேம்மா” என்றார் மெதுவாக. போதும் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள்.

பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். ஆறு மாதக் கையெழுத்தும் கிடைக்கவில்லை. கடைசி நாளில், தன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, சக்கரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அதையும் கழுவினார். எனக்கு அடுத்த வாரம் கையெழுத்து கிடைத்தது. அவர் நோட்டை வைத்து, தேய்ப்புப் பொடி பழைய ஓடுகளில் எப்படித் தங்கி ஏமாற்றும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். இன்று என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டுரையால்தான் தெரியும். முடிவில் பேராசிரியருக்கு நன்றி சொல்லியிருந்தேன்.

ஆறு வருடம் கழித்து என் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட ஆட்கள் வந்தார்கள். வெட்டுகிறவர் முகக்கவசத்தை இறக்கினார். அவர்தான். பாதி உடம்பாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அந்தப் பழைய பழக்கம் போகவில்லை.

நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு சார் பொடி போதும்னு சொன்னாருதானே? வீட்டுல அவ, நீங்களா மறந்துபோய்ப் போட்டுட்டு அவரைச் சொல்றீங்கன்னே சொல்லிக்கிட்டிருக்கா. கேட்டுக் கேட்டு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ராத்திரி தூக்கமே வரல.”

பேராசிரியர் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வேலையை யாராலும் பிடுங்க முடியாது. உள்ளே என் கணவரும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

“எனக்கு ஞாபகம் இல்லண்ணே” என்றேன்.

சொம்பைத் தரையில் வைத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

“அப்ப நான்தான் போட்டிருக்கேன். அத்தனை பேரு முன்னாடி உங்களை வேற இழுத்து விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா.”

“பரவாயில்லண்ணே” என்றேன்.