இறங்குதளத்தில் நான் மூடிய கட்டைகள்

அந்தத் தேயிலைக் கட்டைகளைத் தோண்டாமல் மண் போட்டு மூடச் சொன்னவன் நான்தான். வீரையா அல்ல.

நான் யார் என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன். ரிங்லெட் ஊரில் மூன்று கடைவீடுகள் கட்டினேன். பதினோரு லோரி ஓடவிட்டேன். திரிங்காப்பு ஊருக்கு மேலே, ஆகாது என்று எஞ்சினியர் கைவிட்ட சரிவில் பாதை வெட்டினேன். இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, வெள்ளைக்காரப் பட்டாளமும் காட்டுக் கம்யூனிஸ்டுகளும் மோதிய அவசரகாலத்தில் நான் அமைத்த ஹெலிகாப்டர் இறங்குதளம். அப்போது நான் இருபத்தாறு வயதுக் கங்காணி.

பத்து நாளில் வேண்டும் என்றார் தோட்டத்துத் துரை. எட்டே நாளில் முடித்தேன். எப்படி? பழைய தேயிலைச் செடிகளைத் தரையோடு அறுத்துவிட்டு, கட்டைகளை மண்ணாலும் புல்லாலும் மூடினேன்.

என் ஆள்களில் ஒருவர் வீரையா. என்னைவிட மூத்தவர். "வேரோட எடுத்துடுவோம் கங்காணி. மழை பேஞ்சா மண்ணு கரைஞ்சு கட்டை தலைகாட்டும்லா" என்றார்.

"மேலேருந்து பொத்துனு உக்கார்ற வண்டிய்யா அது. உருண்டா வரப்போவுது? மூடு."

எல்லாரும் சிரித்தார்கள். மூடினார்கள்.

ஒரு மாதம் ஹெலிகாப்டர்கள் நேராகத்தான் இறங்கின. பிறகு ஒரு காலை, பயிற்சிக்கென்று ஒன்று வந்தது. ஓட்டியவன் இளம் வெள்ளைக்காரன். தாழ்வாகப் பாய்ந்து வந்து, சக்கரம் தரையில் உரச, லோரி போல நெடுந்தூரம் ஓடி நின்றது. பக்கத்தில் நின்ற தோட்டத்து எழுத்தரிடம் கேட்டேன்.

"என்ன கிராணி, இப்படி இறங்குது?"

"வால் காத்தாடிக்குக் கால்ல பெடல் இருக்காம். அது சிக்கிக்கிட்டா நின்ன இடத்துல இறக்க முடியாது, பம்பரமா சுத்திடுமாம். அதான் சிக்குன மாதிரி வச்சுக்கிட்டு, ஓட்டியே இறக்கிப் பழகுறாங்க."

அது மறுபடி மேலேறி ஒரு வட்டம் சுற்றியது. ஓடிப்போய்க் கையை ஆட்டியிருக்கலாம்... ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம் இருந்தது. நான் நின்றேன். ஓடினால், எட்டு நாள் வேலையின் லட்சணம் துரைக்குத் தெரிந்துவிடுமே!

மறுபடி இறங்கி ஓடும்போது சக்கரம் கட்டையில் இடறியது. வண்டி கவிழ்ந்தது. அந்த இளைஞனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அந்தப் பகுதி வீரையாவின் பொறுப்பு என்று துரையிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கம்யூனிஸ்டுகளுக்காக வேண்டுமென்றே செய்தார் என்று பட்டாளம் முடிவுகட்டியது. நான் மறுத்தேனா? மற்ற ஆள்களும் வாய் திறக்கவில்லை. அன்றாடம் அவர்களுக்குப் பேர் போட்டு வேலை கொடுப்பவன் நானல்லவா...

பட்டாளத்து லோரியில் ஏற்றும்போது, "சொல்லுங்க கங்காணி" என்றார் வீரையா. நேரமாகிவிட்டது என்று ஆள்களை மலைக்கு விரட்டினேன். தடுப்பு முகாமில் வைத்திருந்து, அவரைத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கேயே இறந்தாராம்.

இப்போது நீங்கள் தோட்டத்துச் சரித்திரம் எழுதுகிறீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். தளத்தை அமைத்தவர் என்று என் பெயர். அடுத்த வரியில், அதைக் கெடுத்தவன் என்று வீரையாவின் பெயர். நன்றாயிருக்கிறது என்று தலையாட்டி அனுப்பினேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீங்கள் மன்னிக்க வேண்டாம்; அது உங்கள் கையில் இல்லை. ஆனால் நான் செய்ததை நான் செய்தேன் என்றே எழுத வேண்டும். தளம் என் வேலை. கட்டைகளும் என் வேலை. இரண்டு வரியிலும் என் பெயரைப் போடுங்கள்.