மாசானத்தின் ஒரே சுவடு

மாசானம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு மூட்டை சுமந்தவன். அந்த இருபத்திரண்டு வருஷமும் வேலைக்குப் போகுமுன் கடற்கரை மணலில் சிலம்பச் சுவடு வைத்தான். சுவடு என்றால், எதிராளி இல்லாமல், இன்ன அடிக்குப் பின் இன்ன அடி என்று கால் வைத்துப் பழகுவது. அப்படி நிறைய உண்டு. இவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கற்றுக்கொடுத்த வன்னியபெருமாள் ஆசான் முதல் சுவடு முடிந்த கையோடு கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார். போனவர் போனவர்தான்.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இவன் ஒரு சண்டைக்கும் போனதில்லை. கோயில் கொடைத் திருவிழாவில் கம்பு சுற்றக் கூப்பிட்டால் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். காற்றை அடித்து என்ன கண்டாய் என்று கூட்டாளி ஆறுமுகநயினார் கேலி செய்வான். மனைவி செண்பகம் கேலி செய்யவில்லை. சுமக்கிற உடம்பை இன்னும் ஏன் வதைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பாள். ஒரு நாள் விட்டால் அவனுக்கு அன்றைக்கு முழுக்க என்னவோ குறைந்தது போலிருக்கும், அவ்வளவுதான்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் அவனுக்கு நாற்பத்தாறு வயது. ரேஷன் அரிசிக் கஞ்சியில் உடம்பு எங்கே தேறும்? முழங்கால் விட்டுப்போயிற்று. கரையிலிருந்து தோணிக்குப் போட்ட பலகையில் அவன் தயங்குவதையும், பின்னால் வருகிறவர்கள் மூட்டையோடு காத்து நிற்பதையும் மேஸ்திரி சங்கரபாண்டியன் பார்த்துவிட்டார். அந்தச் சுமைகாரர் செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் தளர்ந்துவிட்டான் என்று பேச்சு வந்தால், எல்லாரும் பார்க்க, அவன் பலகையில் மூன்று நடை மூட்டை ஏற்ற வேண்டும். நடுவில் நின்றால் செட்டிலிருந்து நீக்கம். பிறகு உப்பளத்தில் பாதிக் கூலிக்கு வெயில் காய வேண்டியதுதான்.

இரண்டு நடை எப்படியோ போனது. மூன்றாவது மூட்டை முதுகில் ஏறியபோதே அவனுக்குக் கண் இருட்டியது. அலை தோணியைத் தூக்க, பலகை ஆடியது. நின்றுவிடலாம் போலிருந்தது. நின்றால் என்ன, எல்லாம் ஒழியட்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கால் அவனைக் கேட்கவில்லை. முன்கால் சற்றே சாய்ந்து பதிந்தது. பாரம் அதன்மேல் இறங்கிய பிறகே பின்கால் எழுந்தது. சுவடு தானாக நடந்தது. இவன் சும்மா அதன் கூடப் போனான்.

பன்னிரண்டாவது அடி வந்தது. அவன் சுவட்டில் பன்னிரண்டாவது அடியில் திரும்ப வேண்டும். பலகையோ இன்னும் மூன்றடி பாக்கி. ஒன்றரைச் சாண் அகலப் பலகையில், முதுகில் மூட்டையோடு, மாசானம் கரையைப் பார்த்துத் திரும்பினான். செத்தான் என்று ஆறுமுகநயினார் கண்ணை மூடிக்கொண்டான். திரும்பியபின் சுவட்டில் மூன்று அடி பின்வாங்க வேண்டும். அதையும் வைத்தான். பின்பக்கமாகவே தோணிக்குள் இறங்கி மூட்டையைப் போட்டான்.

"ஏலே, நடுப்பலகையில ஏம்லே திரும்புன?" என்றார் மேஸ்திரி.

"அங்கன திரும்பணும், அண்ணாச்சி."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் நிற்கக் கூடாது என்பதுதான் வழக்கம். திரும்பக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. "நிக்கலல்லா. நாளைக்கு வந்துரு" என்றார்.

மாசானம் தோணிக்குள் மூட்டைமேல் உட்கார்ந்தான். கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார்கள். அவனுக்கு அழுகை வந்தது. வேலை நிலைத்த சந்தோஷத்தில் அழுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நாளைக்கும் சுமக்க வேண்டுமே என்று அழுதான்.