அம்பு காட்டிய ஊர்

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கம்பெனியில் இருபது பேரை மேய்க்கிற வேலை. அது போதவில்லை என்று, சங்கராந்தி லீவு வந்தால் அதே ஆட்களைச் சைக்கிளில் கிளப்பிக்கொண்டு மூன்று நாள் ஊர் சுற்றப் போவார். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், திருப்பதியிலிருந்து காணிப்பாக்கம், அங்கிருந்து சித்தூர், பலமநேர், கடைசியில் குப்பம் என்று திட்டம். சைக்கிள்கள் பதினெட்டு. அவற்றுக்கு முன்னால் சோறு, தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி. ஓட்டியது அம்மாவின் தம்பியான மாமா. அந்தப் பக்கம் அம்மா, நடுவில் இடிபட்டுக்கொண்டு நான்.

பதினெட்டுப் பேரும் சேர்ந்து போவார்கள் என்று நினைத்திருந்தேன். சந்திரகிரி தாண்டுவதற்குள்ளேயே நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போல ஆகிவிட்டார்கள். அதனால் பாதை பிரிகிற இடத்திலெல்லாம் நாங்கள் முதலில் போய், ரோட்டோரம் கோலமாவில் ஓர் அம்பு போட்டுவிட்டுப் போகவேண்டும். முந்தைய வருடம் மூன்று பேர் ஆளுக்கொரு குறுக்குவழி தெரியும் என்று சண்டை போட்டு மூன்று ஊர்களில் போய் நின்றார்களாம். அதிலிருந்து நைனா ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"அம்பு எங்க காட்டுதோ அதான் வழி. எவனும் வாய் தொறக்கக் கூடாது."

அம்பு போடும் வேலையை நான் அழுது வாங்கினேன். இரண்டு அம்பு போட்டதுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் எங்கே காட்டினாலும் போவார்களா? பாகாலாவுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. மாமா டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே போகிற வழியில் ஓர் அம்பும் வெளியே வருகிற வழியில் ஓர் அம்பும் போட்டேன். வண்டியைத் தள்ளி நிறுத்தி டீ குடிக்கும்போது பார்த்தால், நைனா தலைமையில் ஒவ்வொருவராகப் பங்குக்குள் நுழைந்து, பம்பைச் சுற்றி, வெளியே வந்து போனார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமா மட்டும், "இன்னாத்துக்கு உள்ள பூந்து வர்றாங்க?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போதுதான் அக்காவின் நினைப்பு வந்தது. அக்கா என்றால் பெரியப்பாவின் சின்ன மகள், என்னைவிட மூன்று வயது பெரியவள். காணிப்பாக்கத்திலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் இடதுபுறம் பிரிந்து மூன்று கிலோமீட்டர் போனால் பெரியப்பாவின் ஊர். நைனாவும் அங்கே பிறந்தவர்தான். இந்தச் சைக்கிள் பயணமெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், சங்கராந்தி என்றால் எனக்கு அந்த ஊரும் அக்காவும்தான். ஆனால் பெரிய அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் நைனாவின் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அச்சாபீஸ்காரன் விட்டுவிட்டான் என்றார் பெரியப்பா. "அவனுக்கு என் பேரு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியலயா?" என்றார் நைனா. கல்யாணத்துக்கும் போகவில்லை, அதற்குப் பிறகு இரண்டு சங்கராந்திக்கும் போகவில்லை. அந்தப் பத்திரிகையில் என் பெயரும்தான் இல்லை. நான் கோபித்துக்கொண்டேனா? எனக்கு அக்கா வேண்டும், அவ்வளவுதான்.

காணிப்பாக்கத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுப் புளிசாதம் சாப்பிட்டதும் அம்மா வண்டியிலேயே தூங்கிவிட்டாள். அந்தப் பிரிவில் மாமா வண்டியை நிறுத்தி, போனில் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். நான் இறங்கினேன். நேராகக் காட்டவேண்டிய அம்பை இடதுபக்கம் காட்டினேன். அவசரத்தில் அம்பு கோணலாக, சின்னதாக விழுந்தது. அவர்கள் அந்த ஊருக்குப் போய்விட்டால் சோற்று வண்டியும் பின்னாலேயே போய்த்தானே ஆகவேண்டும் என்பது என் கணக்கு.

நாங்கள் நேராகப் போய் ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தோம். அரைமணி ஆயிற்று. ஒரு சைக்கிளும் வரவில்லை. முக்கால் மணி ஆனதும் நான் வண்டிமேல் ஏறி நின்று ரோட்டைப் பார்த்தேன். நைனா பெரியப்பாவைப் பார்த்ததும் சண்டை போட்டால்? கம்பெனி ஆட்கள் முன்னால் அவருக்கு அவமானமாகிவிட்டால்? இதையெல்லாம் அம்பு போடுவதற்கு முன்னால் யோசித்திருக்கலாம். நைனா போனை எடுக்கவில்லை. கடைசியில் வேறொருவர் எடுத்தார். மாமா கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, எல்லாரும் உங்க மாமியார் ஊர்ல கீறாங்களாம்."

அம்மா வண்டியைத் திருப்பச் சொன்னாள். பிரிவுக்குத் திரும்பி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாள். லாரிகள் ஏறி ஏறி, அம்பு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் மிச்சம். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பெரியப்பாவின் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டுச் சைக்கிளும் அங்கேதான் சாய்ந்திருந்தன. நைனா ஒரு கோடியில் நின்றார், பெரியப்பா மறு கோடியில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், நடுவில் நின்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்பு இந்தப் பக்கம் காட்டிச்சு, வந்துட்டோம். ரூலு ரூலுதான்பா," என்றார் நைனா, தேவைக்கு மேல் சத்தமாக.

"நாக்கு ஏமி கனபடலேதண்ணா," என்றார் பின்னால் வந்த தெலுங்குக்காரர், தன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று.

"கண்ணாடி போடுய்யா."

"வந்தவங்கள வெயில்ல நிக்க வெச்சிக்கினு இன்னா பேச்சு? எல்லாருக்கும் சாறு குடுங்க," என்றார் பெரியப்பா, ஆலை ஆட்களிடம். எல்லாருக்கும் என்பதில் நைனாவும் அடங்கியதால், அவருக்கும் ஒரு சொம்பு போயிற்று. அவர் குடித்தார். பெரியப்பா மெல்ல நடந்து வந்து, நைனாவின் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சீட்ட ஏன்டா இம்மா ஒசரம் ஏத்தி வெச்சிக்கிற? இடுப்பு போயிடும்."

"இப்டித்தாண்ணா வெக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அம்மா பெரியம்மாவோடு அடுப்படிக்குள் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அக்கா எட்டாம் வகுப்புக்குப் போய்ப் பெரிய மனுஷியாகியிருந்தாள். முதலில் என்னிடம் பேசவே பிகு பண்ணினாள். பிறகு சூடான வெல்லப்பாகை ஒரு கரும்புத் துண்டில் சுற்றிக் கொடுத்து, "துன்னு, நாக்க சுட்டுக்காத," என்றாள். நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

புறப்படும்போது நைனா தண்ணீர் கேட்டு வண்டியருகே வந்தார்.

"அந்தப் பிரிவுல அம்பு போட்டது யாரு?"

"நான்தான் நைனா. கை தவறிடுச்சு."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த தபா பெருசா போடு. கண்ணுக்கே தெரியல."

அந்த ஊரில் பிறந்து, அதே ரோட்டில் பத்து வருடம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்த மனிதர் அவர். இருந்தும் அன்று எனக்கு நைனாவின் மேல் இரக்கம்தான் வந்தது. வெயிலில் தலை சுற்றிச் சொந்த ஊருக்கே வழி தெரியாமல் போய்விட்டது, பாவம் என்று நினைத்தேன். கண்ணுக்கே தெரியாத அம்பைப் பார்த்து எப்படித் திரும்பினீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. திட்டு வாங்காமல் தப்பித்த மகிழ்ச்சியில், சித்தூர் ரோட்டின் முதல் திருப்பத்திலேயே மிச்சமிருந்த மாவு முழுவதையும் கொட்டி, ஆள் உயரத்துக்கு ஓர் அம்பு போட்டேன்.