விழுந்ததும் விழுந்துகொண்டிருந்ததும்

கள்ளக்குறிச்சியிலிருந்து காலையில் வெள்ளிமலைக்கு ஏறும் முதல் பஸ்ஸில் ஆறு வருடமாகப் போய்வருகிறேன். மலை மேல் இருக்கும் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. வடக்கனந்தல் தாண்டி, கோமுகி அணைத் தண்ணீர் வெளுத்துத் தெரியும்வரை விழித்திருப்பேன். முதல் வளைவில் பஸ் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கண் தானாக மூடிக்கொள்ளும். அதைத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. கண்டக்டரின் விசில், இன்ஜின் இரைச்சல், ஜன்னல் வழியே வரும் ஈரக் காற்று எல்லாம் கனவுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும்.

அன்றைக்கு ரிஷிவந்தியத்தில் அம்மா வீட்டு வாசலில் நான் நிற்பதாகக் கனவு. கோயிலில் யாரோ சங்கு ஊதுகிறார்கள். நீளமாக, மூச்சே விடாமல் ஊதுகிறார்கள். இவ்வளவு நேரம் ஊதுவது யார் என்று பார்க்கத் திரும்பினேன். பஸ் குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தேன்.

சாலை அந்த இடத்தில் இடது பக்கமாக வளையும். என் ஜன்னலிலிருந்து வளைவின் மேல்முனை தெரிந்தது. அங்கே ஒரு ஜீப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதில் அவசரமே இல்லை. படுக்கப் போகிற மாடு மாதிரி மெதுவாக ஒரு பக்கம் இறங்கி, புதருக்குள் புரண்டு, ஒரு மரத்தில் முட்டி நின்றது. கூரை மேல் கட்டியிருந்த கூடைகள் அவிழ்ந்து தக்காளி சரிவு முழுக்க உருண்டு போனது. பச்சையில் சிவப்பாக அது உருள்வதை அழகாக இருக்கிறதே என்று பார்த்தேன். அலறல் சத்தம் அதற்கு அப்புறம்தான் காதில் ஏறியது.

ஆண்கள் இறங்கி ஓடினார்கள். ஜீப்பில் இருந்த ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. டிரைவருக்குக் கால். அவரை எனக்குத் தெரியும். கடைசி பஸ் வராத நாட்களில் எத்தனையோ முறை என்னைக் கீழே கொண்டுவந்து விட்டிருக்கிறார். வளைவில் மெதுவாகத்தான் போவார். கீழிறங்கி வந்த ஒரு லாரி என் பக்கம் ஏறி வந்தது, ஒதுங்கினேன், ஓரத்து மண் சரிந்துவிட்டது என்று அவர் வலியில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த லாரி எங்கள் பஸ்ஸின் மறுபக்கமாக நிற்காமல் இறங்கிப் போய்விட்டதாம்.

கண்மூடித்தனமாக ஓட்டினார் என்று அவர் மேலேயே வழக்குப் பதிவானது. மூடுபனியில் முன்னால் எதுவும் தெரியவில்லை என்று எங்கள் பஸ் டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கலாம். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு வாரம் கழித்து ஜீப் டிரைவரின் மனைவி பள்ளிக்கு வந்தார். வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

"டீச்சர், நீங்க பாத்தேன்னு ஸ்கூல்ல சொன்னீங்களாமே. வக்கீல் மேல் கோர்ட்டுக்கு மனு போடுறாரு. நீங்க எழுதிக் குடுத்தா போதும்ங்கிறாரு."

"பாத்தேன்தான். வரேன்" என்றேன். அந்த நிமிடம் அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

வக்கீல் அலுவலகம் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில். இங்கிலீஷில் டைப் செய்த தாளை என் பக்கம் நகர்த்தினார். மேல் கோர்ட்டுக்குப் போவதால் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. படித்தேன். ஐ சா த லாரி கம். ஐ சா த ஜீப் ஃபால்.

அந்த வாரம் எட்டாம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்ததே இதைத்தான். சீ, ஹியர், மேக், லெட் என்ற வினைகளுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் நடுவில் 'டு' போடக் கூடாது. பிள்ளைகள் 'லெட் மி டு கோ' என்றே எழுதுவார்கள். "தமிழ்ல போக விடு, அழ வைன்னு சொல்றீங்க இல்ல? பாடக் கேட்டேன்னு சொல்றோம் இல்ல? நடுவுல எதையாவது செருகுறோமா? அதே மாதிரிதான்" என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் பாடத்தின் கடைசியில் இரண்டே வரியில் ஒரு குறிப்பு உண்டு. ஐ சா இட் ஃபால் என்றால் விழத் தொடங்கியதிலிருந்து விழுந்து முடிந்தது வரை முழுவதும் பார்த்தேன் என்று பொருள். ஐ சா இட் ஃபாலிங் என்றால், நான் பார்க்கும்போது அது விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பரீட்சையில் கேட்பதில்லை என்று ஒவ்வொரு வருடமும் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இப்போது தாண்ட முடியவில்லை. பேனாவை எடுத்து 'ஃபால்' பக்கத்தில் ஐஎன்ஜி சேர்த்தேன். லாரி வரியை அடித்தேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா மேடம் இது? ஐஎன்ஜில இன்னா இருக்குது?"

"சார், நான் கண்ண தொறக்கும்போதே ஜீப்பு சாஞ்சிக்கினு இருந்தது. எதனால சாஞ்சதுன்னு நான் பாக்கல. லாரியையும் பாக்கல."

"சரி, ஹார்னாவது கேட்டிருப்பீங்க இல்ல? ஐ ஹேர்ட் த லாரி ஹாங்க்னு போட்டுடலாம்."

சத்தம் கேட்டது உண்மைதான். தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை முழுதாகக் கேட்டேன். "நான் கேட்டது சங்கு சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கனவைச் சொன்னேன். லாரியின் ஹார்னே கனவுக்குள் சங்காக மாறியிருக்கலாம். இருக்கலாம் என்பதைச் சத்தியம் செய்து எப்படிக் கொடுப்பது?

ஓரமாக உட்கார்ந்திருந்த டிரைவரின் மனைவி எழுந்தார். "உங்கள நம்பித்தான வந்தேன் டீச்சர். ஒரு எழுத்துக்காகவா இப்படிப் பண்றீங்க?" படியிறங்கிப் போய்விட்டார்.

வக்கீலுக்குக் கோபம் மெல்லத் தணிந்தது. தாளை மடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப, முழுசாப் பாத்தது யாரு?"

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் தூங்கவில்லை. தலைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஆடிச் சாய்ந்தன. மூடுபனி உள்ளே வந்து சீட்டுகளுக்கு நடுவே நின்றது. ஒருவர்கூட விழித்திருக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், முன்னால் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சாலையையே வெறித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். அவ்வப்போது முகர்ந்தார். வடக்கனந்தலில் ஏறி, மலை மேல் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறவர். தினமும் அதே இடத்தில்தான் உட்காருவாராம். நான்தான் கவனித்ததில்லை.

பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "ஜீப்பு வுழுந்த அன்னிக்கி நீங்க இங்கதான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாங்க. கண்ண வேற பக்கம் திருப்புனா எனக்கு வாந்தி வந்துடும். ரோட்டையேதான் பாத்துக்கினு வருவேன்."

"அன்னிக்கி இன்னா பாத்தீங்க?"

அவர் எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்தார். "லாரி இந்தப் பக்கம் ஏறி வந்துச்சி. ஜீப்பு ஒதுங்குச்சி. ஓரத்துல மண்ணு சரிஞ்சிச்சி. ஜீப்பு வுழுந்துச்சி."

"பனி இருந்துதே?"

"பனி கீழ் வளைவோட சரிங்க. மேல வெளிச்சமாத்தான் இருந்துச்சி."

"இத யாருகிட்டயும் சொல்லலியா?"

"யாரும் கேக்கலியே."

ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். வந்தது, ஒதுங்கியது, சரிந்தது, விழுந்தது. கம், மூவ், ஸ்லிப், ஃபால். நாலும் மொட்டையாக, முன்னால் டு இல்லாமல், பின்னால் ஐஎன்ஜி இல்லாமல் தாளில் உட்கார்ந்தன. இருபது வருடமாக இங்கிலீஷ் எழுதுகிறேன். எழுதிய வாக்கியம் இவ்வளவு உறுதியாக நின்று நான் பார்த்ததில்லை. எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். "அதேதாங்க" என்று கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினார்.

அடியில் என் தாளும் இருந்தது. தூங்கினேன், ஒரு சத்தம் கேட்டது, விழித்தபோது ஜீப் விழுந்துகொண்டிருந்தது என்ற மூன்று வரி. "இதுவும் இருக்கட்டும்" என்றார் வக்கீல். "தூங்கிட்டேன்னு ஒத்துக்கிற சாட்சிய நான் பாத்ததே இல்ல மேடம்."

மறுபடி விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. விசாரித்தார்கள். மண் சரிந்த ஓரத்தையும் விபத்தன்று போலீஸ் எடுத்த டயர்த் தடப் படங்களையும் பார்த்து, டிரைவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கினார்கள். லாரி கடைசிவரை அகப்படவில்லை. அவர் மறுபடி ஜீப் ஓட்டுகிறார். இறங்கி நடக்கும்போது மட்டும் காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறார். கிழங்கு வேலை முடிந்ததும் அந்தப் பெண்மணி கீழே கரும்பு வெட்டப் போய்விட்டார். பிறகு பஸ்ஸில் பார்க்கவில்லை.

டிரைவரின் மனைவி ரொம்ப நாள் என்னிடம் பேசவில்லை. வழக்கு முடிந்த பிறகும் சாலையில் பார்த்தால் தலையை அசைப்பதோடு சரி. இந்த ஜூனில் ஒருநாள், மேகம் பள்ளி மைதானத்தில் இறங்கிக் கிடந்தபோது, மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். விண்ணப்பப் படிவத்தை என் மேசையில் வைத்தார்.

"நீங்களே எழுதுங்க டீச்சர்" என்றார். "நீங்க எழுதுனா இருக்கிறது மட்டும்தான் இருக்கும்."

உட்காரச் சொன்னேன். பிறந்த தேதியைக் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.